கம்ப்ரஷன் சாக்ஸ் உருளுகிறதா, இறுக்குகிறதா, நழுவுகிறதா? குறை வாரியாகச் சரிசெய்யும் வழி

காரைக்குடியில் மருத்துவ உபகரணக் கடை ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகக் கால் அளவு எடுத்து வருகிறேன். கடைக்கு வர முடியாத பெரியவர்களுக்காகப் பள்ளத்தூர், கோட்டையூர், கண்டனூர் என்று வீடுகளுக்கும் போவதுண்டு. கால் வீங்காமலிருக்க இறுக்கிப் பிடிக்கும், முழங்காலுக்குக் கீழ் வரை வரும் கம்ப்ரஷன் சாக்ஸை வாங்கிப்போனவர் ஒரு வாரத்தில் திரும்பி வந்தால், அவர் சொல்லும் குறை ஏழெட்டில் ஒன்றாகத்தான் இருக்கும். நூலில் கோளாறு இருந்ததை மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். செருப்பு நம்பரைச் சொல்லிக் கேட்டு வாங்கியவை, வெளியூரில் இருக்கும் மகன் "மீடியம் சரியாக இருக்கும்" என்று ஊகித்து அனுப்பியவை, பக்கத்து வீட்டு ஆச்சிக்குப் பொருந்தியதே என்று எடுத்தவை, இவைதான் மறுபடி மறுபடி வருகின்றன.

உங்களுக்கு நேர்ந்த குறை எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். விரல்கள் நீலமாகியிருந்தால் சாக்ஸை உடனே கழற்றிவிட்டு "விரல்கள் மரத்துப்போகின்றன" என்ற பகுதியைப் பாருங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கியிருந்தால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

எந்தக் குறையானாலும் முதலில் டேப்பை எடுங்கள்

தையல்காரர் வைத்திருக்கும் சாதாரண இன்ச் டேப் போதும். ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு அட்டவணை பெரும்பாலும் சென்டிமீட்டரில் இருக்கும். டேப்பின் இன்ச் பக்கத்தைப் படித்துவிட்டு அட்டவணையில் தேடித் திகைத்தவர்கள் பலர். ஒன்பது இன்ச் என்பது ஏறக்குறைய 23 சென்டிமீட்டர்.

அளக்க வேண்டிய நேரம் காலை, படுக்கையை விட்டு எழுந்தவுடன். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஒரு வீட்டில், திருமணத்துக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த ஆச்சி ஒருவருக்கு மாலை ஐந்து மணிக்கு அளந்தேன். கணுக்கால் 25 சென்டிமீட்டர். மறுநாள் காலை ஆறரைக்குப் போய் அதே இடத்தில் அளந்தேன், 23. முதல் நாள் அளவுக்கு வாங்கியிருந்தால் காலையில் தொளதொளவென்று கிடந்து, நண்பகலில் கரண்டைக்கால் அருகே மடிப்பு மடிப்பாகச் சேர்ந்திருக்கும்.

மூன்று இடங்கள் அளக்க வேண்டும். கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே, கால் மிகவும் ஒடுங்கும் இடம். இதுதான் தலையாய அளவு, ஏனென்றால் சாக்ஸ் மிக அதிகமாக அழுத்துவது அங்கேதான், மேலே போகப் போக அழுத்தம் குறையும். அடுத்தது கெண்டைக்காலின் மிகப் பருத்த இடம். மூன்றாவது நீளம்: நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் ஊன்றி, தரையிலிருந்து முழங்காலின் பின்பக்க மடிப்பு வரை. டேப் தோலைத் தொட வேண்டும், பிடிக்கக் கூடாது. இரண்டு கால்களையும் தனித்தனியே அளவெடுங்கள். இரண்டும் வேறு வேறு அளவாக இருப்பது வியப்பில்லை. அப்படியானால் இரு அளவில் இரண்டு வாங்க வேண்டியிருக்கலாம்.

ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் ஸ்மால். எழுத்தை நம்பாதீர்கள், உங்கள் எண்களை ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்பட்டை உருண்டு கீழே இறங்குகிறது

அதிகமாக வரும் குறை இது.

முதலில் பாருங்கள்: பட்டை எங்கே நிற்கிறது? முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரற்கடை கீழே நிற்க வேண்டும். மடிப்பு வரை இழுத்துவிட்டால், கால் மடங்கும்போதெல்லாம் பட்டை சுருண்டுகொள்ளும். மேலே இழுக்க இழுக்க நன்றாகப் பிடிக்கும் என்று நினைக்கிறோம், நடப்பது நேர்மாறு. பட்டையைப் பிடித்து இழுக்காமல், உள்ளங்கையால் கணுக்காலிலிருந்து துணியைச் சிறிது சிறிதாக மேலே தள்ளிச் சமமாகப் பரப்புங்கள்.

அடுத்தது எண்ணெய். இரவில் நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவிக்கொண்டு படுப்பது நம் வீடுகளில் வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் காலையில் அது தோலில் மிச்சம் இருந்தால் சாக்ஸ் வழுக்கும், நாளடைவில் எலாஸ்டிக் நூலும் கெடும். காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள்.

இவை இரண்டும் சரி என்றால் கெண்டைக்கால் அளவைப் பாருங்கள். கால் பருமனாகவும் சாக்ஸ் சிறியதாகவும் இருந்தால் பட்டை கயிறு போல் திரண்டு உருளும். கால் மெலிந்து சாக்ஸ் பெரிதாக இருந்தால் உருளாமல் நழுவி இறங்கும். இந்த வேறுபாட்டைக் கவனித்தாலே எந்தப் பக்கம் மாற்ற வேண்டும் என்று தெரியும். கணுக்கால் ஒரு அளவிலும் கெண்டைக்கால் வேறு அளவிலும் வருகிறதா? சில நிறுவனங்கள் "அகலக் கெண்டை" வகை தனியாகச் செய்கின்றன. அதிலும் அடங்காவிட்டால் அளவு கொடுத்துத் தைத்து வாங்க வேண்டும். விலை கூடும், வரச் சில வாரங்கள் ஆகும். ஆனாலும் பொருந்தாத மூன்று ஜோடி வாங்கி அலமாரியில் போட்டு வைப்பதைவிட அது மேல்.

சாக்ஸ் பழசாகிவிட்டதா என்றும் பாருங்கள். தினமும் போட்டால் நான்கு முதல் ஆறு மாதம்தான் அழுத்தம் நிற்கும். போடும்போது முன்பு இருந்த சிரமம் இப்போது இல்லை, சுலபமாக ஏறுகிறது என்றால் அதன் ஆயுள் முடிந்தது.

முழங்காலுக்குக் கீழே ஆழமான தடம் பதிகிறது

கழற்றியதும் தையலின் இலேசான வரி தெரிவது இயல்பு, சிறிது நேரத்தில் மறைந்துவிடும். விரல் வைத்தால் பள்ளம் தெரிகிற அளவுக்குச் சிவந்த வளையம், அதில் வலி அல்லது தோல் உரிதல் என்றால் அது சரியில்லை.

நான் பார்த்ததில் இதற்கு முதற்காரணம் ஒன்றே: நீளம் மிஞ்சியதால் மேல்விளிம்பைக் கீழே மடித்துவிடுவது. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். மடித்த இடத்தில் துணி இரண்டு மடங்கு, அழுத்தமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கீழிருந்து மேலே இரத்தத்தை ஏற்றிவிடத்தான் சாக்ஸ் போடுகிறோம். மேலே ஒரு கயிறு கட்டியது போலானால் இரத்தம் கீழேயே தேங்கும். கத்தரிக்கோலால் மேல்விளிம்பை வெட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு, வெட்டிய இடத்திலிருந்து நூல் பிரிந்து ஓடிவிடும். நீளம் மிஞ்சினால் குட்டைக்கால் வகை கேளுங்கள். உயரக் குறைவானவர்களுக்கென்று அதே சுற்றளவில் நீளம் குறைந்தது வருகிறது.

மடிக்கவில்லை, ஆனாலும் தடம் பதிகிறது என்றால் கெண்டைக்கால் அளவு மாற வேண்டும். பொருந்திய அளவுக்கு மாறிய பிறகும் தோல் உரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

விரல்கள் மரத்துப்போகின்றன, நிறம் மாறுகிறது

முதலில் கழற்றுங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம்.

கழற்றியபின் கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டுப் பாருங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். சில நிமிடத்தில் மரப்பு போய், நிறம் திரும்பி, பாதம் வெதுவெதுப்பாகிவிட்டால் கீழே உள்ளவற்றை வரிசையாகச் சோதிக்கலாம். திரும்பாவிட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பாதத்தின் மேல்பக்கம், கணுக்கால் வளையும் இடத்தில் மடிப்பு விழுந்திருந்ததா? சாக்ஸின் குதிகால் பை சரியாகக் குதிகாலில் உட்கார்ந்திருந்ததா, இல்லை கரண்டைக்குத் திரும்பியிருந்ததா? மூடிய விரல் வகையில் நுனி இறுகி விரல்களைக் குவித்திருந்ததா? அப்படியானால் நுனியைச் சற்றே முன்னால் இழுத்து விட்டு, விரல்களை அசைத்துப் பாருங்கள். பாதம் நீளமானவர்களுக்கு விரல் திறந்த வகையே நல்லது.

மெட்டி, கொலுசு பற்றி இங்கே சொல்ல வேண்டும். சாக்ஸுக்குள் கொலுசு இருந்தால் அதன் ஒவ்வொரு கண்ணியும் தோலில் பதியும். சாக்ஸ் போடும் நேரத்தில் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மெட்டியைக் கழற்றச் சொல்ல எனக்கும் மனம் வராது. அதற்கு விரல் திறந்த வகை வாங்கி, மெட்டி வெளியே நிற்கும்படி போடலாம். போடும்போது நூலில் மாட்டாமலிருக்க, புதுப் புடவை வருகிற வழுவழுப்பான உறை ஒன்றைப் பாதத்தில் மாட்டி, அதன்மேல் சாக்ஸை ஏற்றுங்கள். குதிகால் உட்கார்ந்ததும் விரல் பக்கத் திறப்பு வழியாக உறையை உருவிவிடலாம். இதைக் காட்டிக்கொடுத்தபோது தேவகோட்டையில் ஒரு அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இரண்டு மாதமாக இதற்காகத்தான் போடாமல் இருந்தேன் தாயி" என்றார்.

இவை எதுவும் இல்லை, அளவும் சரி, ஆனாலும் மரக்கிறது என்றால் கடைக்காரரிடம் பெரிய அளவு கேட்காதீர்கள். காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இருக்கக்கூடும். சர்க்கரை நோய், புகைப் பழக்கம், கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் வலித்து நின்றால் விட்டுவிடுவது, பாதம் சில்லென்று இருப்பது, ஆறாத புண், இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் சாக்ஸ் போடுவதற்கு முன்பே சோதித்திருக்க வேண்டும். கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிடும் சோதனை இது. கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுத்து வருவது 0.9-க்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று கொள்வார்கள். நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனி கெட்டிப்பட்டிருப்பதால் இந்த எண் உண்மையைவிட அதிகமாகக் காட்டலாம், எனவே இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும் சொல்வார்கள். இரத்தநாள அறுவை மருத்துவர் என்றால் நமக்கு மதுரை அல்லது திருச்சி. அந்தப் பயணத்துக்குச் சலித்துக்கொள்ள வேண்டாம். தமனி அடைத்த காலில் இறுக்கமான சாக்ஸ் போட்டால் கால் புண்ணாகி அழுகிவிடக்கூடும்.

காலில் ஏறவே மாட்டேன் என்கிறது

நேரத்தைப் பாருங்கள். எழுந்து காபி குடித்து, வாசல் தெளித்து, குளித்து, பூஜை முடித்து ஒன்பது மணிக்குப் போட்டால் கால் அதற்குள் வீங்கத் தொடங்கியிருக்கும். குளித்த ஈரமும் சேர்ந்துகொள்ளும். எழுந்ததும் கட்டிலில் இருந்தபடியே போடுங்கள். முதலில் குளித்தே தீர வேண்டும் என்பவர்கள், குளித்தபின் பத்து பதினைந்து நிமிடம் காலை உயர்த்தி வைத்துப் படுத்திருந்து, முழுவதும் காய்ந்த பிறகு போடலாம்.

முறையைப் பாருங்கள். சாதாரண சாக்ஸைப் போலச் சுருட்டிப் போடக் கூடாது. கையைச் சாக்ஸுக்குள் விட்டுக் குதிகால் பையைப் பிடித்து, அதுவரை உட்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். பாதத்தை நுழைத்துக் குதிகாலைச் சரியாக உட்காரவைத்த பிறகுதான் மற்றதை மேலே ஏற்ற வேண்டும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டால் பிடிமானம் நன்றாக இருக்கும், நகமும் நூலைக் கிழிக்காது. ஓட்டை விழுகிறது என்று வருபவர்கள் பெரும்பாலும் நகத்தாலோ மோதிரத்தாலோ பித்தவெடிப்பாலோ கிழித்தவர்கள்தான்.

கையில் வலுவில்லாதவர்களுக்குக் கம்பிச் சட்டம் ஒன்று விற்கிறது. சாக்ஸை அதில் விரித்து மாட்டி, காலை உள்ளே இறக்கினால் போதும். மூட்டுவலிக்காரர்களுக்கு அந்தச் செலவு தகும்.

அதற்கும் முடியவில்லை என்றால் அழுத்த வகுப்பைப் பாருங்கள். பெட்டியில் 15–20, 20–30, 30–40 என்று இருக்கும். இரத்த அழுத்தம் பார்க்கும் அதே மி.மீ. பாதரசக் கணக்கு. கடையில் நாள் முழுதும் நிற்பவர்களுக்கும், பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏழு மணி நேரம் உட்கார்ந்து போகிறவர்களுக்கும் முதல் வகை போதும். 20-க்கு மேல் மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் வாங்க வேண்டும். மருத்துவர் 30–40 எழுதியிருக்க, உங்களால் போட முடியவில்லை என்றால் நீங்களே குறைத்துக்கொள்ளாமல் அவரிடமே சொல்லுங்கள். போடாமல் பெட்டியில் கிடக்கும் வலுவான சாக்ஸைவிட, தினமும் போடும் மிதமான சாக்ஸ் பயன் தரும் என்பது அவருக்கும் தெரியும். ஒரு வகுப்பு குறைத்து எழுதித் தரக்கூடும்.

போட்டும் வீக்கம் வடியவில்லை

காலையில் போட்டீர்களா, வீங்கிய பிறகு போட்டீர்களா? சாக்ஸின் வேலை வீங்காமல் தடுப்பது. ஏற்கெனவே வீங்கியதை வடியவைப்பதில் அது சுமார்தான்.

வெள்ளை நிறத்தில், மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சையின்போது கொடுத்ததையே வீட்டில் போட்டுக்கொண்டிருக்கிறீர்களா? அது படுத்திருப்பவருக்கு இரத்தம் உறையாமலிருக்கச் செய்தது. எழுந்து நடமாடுகிறவருக்கு அதன் அழுத்தம் போதாது.

சாக்ஸ் புதிது, அளவு சரி, நேரம் சரி, ஆனாலும் இரண்டு காலும் வீங்குகின்றன என்றால் காரணம் காலில் இல்லாமல் இருக்கலாம். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையை எடுத்துப் பாருங்கள். இரத்த அழுத்தத்துக்குப் பலரும் சாப்பிடும் அம்லோடிபின் கணுக்கால் வீக்கம் தரக்கூடியது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இவையும் காலை வீங்கவைக்கும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, முகமும் வீங்குகிறது, சிறுநீர் குறைகிறது என்றால் சாக்ஸைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் பொது மருத்துவரைப் பாருங்கள். இதயம் மிகவும் பலவீனமானவருக்குக் காலிலிருக்கும் நீரை மேலே ஏற்றுவதே ஆபத்து.

முன்னங்கால் எலும்பின்மேல் கட்டைவிரலால் பத்து நொடி அழுத்துங்கள். குழி விழாமல் கெட்டியாக இருந்து, தோலும் தடித்திருந்தால் நிணநீர் வீக்கமாகவோ யானைக்காலாகவோ இருக்கலாம். அதற்குக் கடையில் எடுக்கும் சாக்ஸ் பொருந்தாது. கட்டுத்துணி சுற்றி அளவைக் குறைத்து, அதன்பின் காலுக்கென்றே அளவெடுத்துப் பின்ன வேண்டும். இதைப் பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும்.

அரிப்பு, வியர்வை

அக்னி நட்சத்திரத்தில் எல்லோரும் சொல்வது. தினமும் துவைத்தால் பாதி குறையும். மிதமான சோப்பு, பச்சைத் தண்ணீர். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்து, முற்றத்து வெயிலில் போடாமல் வளவின் நிழலில் விரித்துக் காயவையுங்கள். இரண்டு ஜோடி இருந்தால் மாற்றிப் போடலாம். தோல் வறட்சிக்கான களிம்பை இரவில், சாக்ஸைக் கழற்றியபின் தடவுங்கள். பருத்தி கலந்த வகை சற்று ஆறுதல் தரும். நீர் கசிவு, கொப்புளம், கணுக்கால் அருகே கருத்துத் தடித்த தோல் தெரிந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

ஆத்தங்குடிக் கல் தரையில் வழுக்குகிறது

மூடிய விரல் வகையின் நைலான், அந்த மழமழப்பான தரையில் கண்ணாடிமேல் கண்ணாடி. விழுந்தால் இடுப்பெலும்பு போகும். விரல் திறந்த வகைக்கு மாறுங்கள், அல்லது வீட்டுக்குள் ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்புப் போடுங்கள். பெரியவர்கள் வீட்டில் இரண்டாவதற்கு இணங்குவதில்லை. ஆகவே முதலாவதையே நான் சொல்வது.

நடைப்பயணத்தில் பாதம் வீங்குகிறது

தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடப்பவர்கள் மார்கழியிலேயே கேட்டு வருவார்கள். வெறுங்காலில் நடப்பதால் பாதம் இல்லாத, கெண்டைக்கால் உறை மட்டும் வேண்டும் என்பார்கள். கெண்டைக்கால் களைப்புக்கு அது உதவலாம், ஆனால் உறை முடிகிற இடத்துக்குக் கீழே பாதம் வீங்க இடமுண்டு. வீங்கினால் கழற்றிவிட்டு, தங்குமிடத்தில் காலைத் தலையணைமேல் வைத்துப் படுங்கள். ஏற்கெனவே நரம்பு சுருண்ட கால் உள்ளவர்கள் புறப்படும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலிக்கிறது

இங்கே சோதனை எதுவும் வேண்டாம். ஒரு காலில் மட்டும், ஓரிரு நாளுக்குள் வந்த வீக்கம், கெண்டைக்காலில் வலி, தொட்டால் சூடு, சிவப்பு. காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் இரத்தக் குழாயில் (ஆழ்சிரையில்) இரத்தம் உறைந்திருக்கலாம். அண்மையில் அறுவைச் சிகிச்சை, நெடும்பயணம், பிரசவம், நாள்கணக்கில் படுக்கை என்று ஏதாவது இருந்தால் ஐயம் இன்னும் கூடும். காலைத் தேய்க்காதீர்கள், எண்ணெய் போட்டு உருவாதீர்கள், வீக்கம் வடியட்டும் என்று சாக்ஸை ஏற்றாதீர்கள். அன்றே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

கூடவே மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், இருமலில் இரத்தம் என்று ஏதேனும் இருந்தால் கார் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்பதை அழைத்தவுடனே சொல்லுங்கள்; சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.